முன்னோர் வாழ்ந்த தெரு இன்று இல்லை: தேடுவோர் கேட்கும் கேள்விகள்

பழைய பிறப்புச் சான்றிதழிலோ கடித உறையிலோ ஒரு முகவரி கிடைக்கிறது. இன்றைய வரைபடத்தில் தேடினால் அந்தத் தெரு வருவதில்லை. குடும்ப வரலாறு தேடுகிற பலர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். கைவிட வேண்டியதில்லை. ஒரு தெருவின் பெயரை மாற்றவும் அதை இடிக்கவும் அதன்மேல் ரயில் பாதை போடவும் யாரோ உத்தரவு போட்டிருக்கிறார்கள், அளந்திருக்கிறார்கள், கணக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தக் காகிதங்களில் பல இன்னும் இருக்கின்றன. கீழே வரும் உதாரணங்களில் லண்டன், பாரிஸ், நியூயார்க், பெர்லின் போன்ற நகரங்கள் அடிக்கடி வரும். அந்த ஊர்களின் பழைய பதிவுகள் நிறையப் பிழைத்திருக்கின்றன, பொதுமக்கள் பார்க்கவும் முடிகிறது என்பதே காரணம். தேடும் முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

தெருவே இல்லை என்றால் முதலில் எதைத் தேடுவது?

அது எப்படி இல்லாமல் போனது என்பதைத் தேடுங்கள். பெயர் மட்டும் மாறியிருக்கலாம். பக்கத்துத் தெருவோடு சேர்ந்து ஒரே பெயருக்குள் போயிருக்கலாம். கதவு எண்கள் மாறியதால் வீடு மட்டும் பிடிபடாமல் இருக்கலாம். அல்லது உண்மையிலேயே இடிக்கப்பட்டிருக்கலாம். இந்த நான்கில் எது நடந்தது என்று தெரியாமல் தேடினால், இருக்கிற தெருவை இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். தொலைந்தது என்று நினைத்த தெரு வேறு பெயரில் அதே இடத்தில் இருப்பது அடிக்கடி நடக்கிறது.

பெயர் மாற்றம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊர் பெரிதாகும்போது ஒரே பெயரில் பல தெருக்கள் வந்துவிடும். தபால்காரர் குழம்புவார், தீயணைப்பு வண்டி தவறான தெருவுக்குப் போகும். அதனால் நகர நிர்வாகம் பெயர்களை மாற்றும். லண்டனில் இந்த வேலை 1855-இல் உருவான பெருநகர வாரியத்தின் காலத்திலிருந்து தொடர்ந்து நடந்தது. பிறகு வந்த லண்டன் கவுன்டி கவுன்சில் 1930-களில் இன்னொரு பெரிய சுற்று நடத்தியது. பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்துக் காட்டும் தெருப் பட்டியலை அதுவே புத்தகமாகவும் வெளியிட்டது. பாரிஸில் 1860-இல் சுற்றியிருந்த ஊர்களை நகரத்தோடு இணைத்தபோது இதே காரணத்தால் ஏராளமான பெயர்கள் மாறின. 1920-இல் சுற்றியிருந்த ஊர்களைச் சேர்த்துப் பெரிய பெர்லின் உருவானபோதும் ஒரே பெயர்ச் சிக்கல் பெரிதாக எழுந்தது.

ஆகவே உங்கள் ஊர் எந்த ஆண்டில் விரிந்தது, எந்த ஆண்டில் ஆட்சி மாறியது என்று முதலில் பாருங்கள். பெயர் மாற்றங்கள் அந்த ஆண்டுகளை ஒட்டியே குவிந்திருக்கும்.

பட்டியல் கிடைக்காவிட்டால் அக்கம்பக்கத்துத் தெருக்களைப் பிடியுங்கள். உங்கள் தெரு எந்தெந்தத் தெருக்களோடு சந்தித்தது என்று பழைய வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அந்தத் தெருக்களில் ஒன்றிரண்டை இன்றைய வரைபடத்தில் கண்டுபிடித்தால் போதும். நடுவில் இருப்பது எது என்று தெரிந்துவிடும்.

என்னிடம் இருக்கும் முகவரியை எவ்வளவு நம்பலாம்?

அதை யார் சொன்னார், யார் எழுதினார் என்று பாருங்கள். பிறப்பைப் பதியப் போனவர் சொன்னதை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். புலம்பெயர்ந்தவர்களின் உச்சரிப்பு உள்ளூர் எழுத்தருக்குப் பிடிபட்டிருக்காது. குழந்தை பிறந்த இடம் தாயின் பெற்றோர் வீடாக இருக்கலாம், குடும்பம் வாழ்ந்த வீடாக இருக்க வேண்டும் என்பதில்லை. திருமணப் பதிவில் உள்ள முகவரி சில வாரங்களே தங்கிய இடமாகவும் இருக்கலாம். ஒரே முகவரி வெவ்வேறு ஆண்டுகளின் இரண்டு ஆவணங்களில் வந்தால்தான் அங்கே வாழ்ந்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

எழுத்துப்பிழை என்று எதையும் திருத்திவிடாதீர்கள். இருந்தபடியே எழுதி வையுங்கள். தவறாகத் தெரிந்த எழுத்துதான் பிறகு சரியான தெருவைக் காட்டிக்கொடுக்கலாம்.

எந்த வரைபடத்தைப் பார்ப்பது?

வீடு தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக வரைந்த வரைபடம் வேண்டும். சுற்றுலா வரைபடங்களும் பள்ளி அட்லஸும் உதவாது. பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே 1:2500 அளவில் வரைந்தவற்றில் ஒவ்வொரு கட்டடத்தின் வடிவமும் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் பல ஊர்களுக்கு 1:500 அளவில் வரைந்தவற்றில் விளக்குக் கம்பமும் தோட்டத்துப் பாதையும்கூட இருக்கின்றன. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்து, மெல்ல மெல்ல மறையச் செய்து பார்க்கலாம். முதல்முறை பார்க்கும்போது மனம் நெகிழ்ந்துவிடும்.

அமெரிக்காவில் சான்பார்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்கள் பெரிய செல்வம். 1867-இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஏறத்தாழ 12,000 ஊர்களை வரைந்தது. காப்பீட்டுக் கட்டணம் முடிவு செய்யத்தான் வரைந்தார்கள். எது தீப்பிடிக்கும் என்று தெரிய வேண்டுமே! அதனால் மரவீடு மஞ்சள், செங்கல் வீடு இளஞ்சிவப்பு, கல் கட்டடம் நீலம் என்று நிறம் தீட்டினார்கள். எத்தனை மாடி, கூரை எதனால் ஆனது என்றும் குறித்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா இருந்த வீடு மரவீடா செங்கல் வீடா என்று அந்த நிறமே சொல்லிவிடும். இவற்றில் பெரும்பகுதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சான்பார்ன் வரைபடங்களைப் புதிதாக அச்சிடாமல், மாறிய இடங்களுக்குத் துண்டுக் காகிதம் ஒட்டித் திருத்துவது வழக்கம். உங்கள் தெரு அந்த ஒட்டுக்காகிதத்தின் அடியில் மறைந்திருக்கலாம். இல்லை என்று தெரிந்தால் முந்தைய பதிப்பைத் தேடுங்கள். அப்புறம், எந்த வரைபடமானாலும் ஓரத்தில் அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு என்று தனித்தனியாக இருக்கும். நமக்கு வேண்டியது அளந்த ஆண்டு.

தெரு கிடைத்துவிட்டது, ஆனால் அந்தக் கதவு எண்ணில் வேறு ஏதோ இருக்கிறது. ஏன்?

எண்கள் தெருக்களைவிட அதிகமாக மாறும். சிகாகோவில் 1909 செப்டம்பர் 1 அன்று நகரம் முழுவதும் புதிய எண்கள் வந்தன. நகர மையத்தில் மட்டும் 1911-இல் மாற்றினார்கள். ஸ்டேட், மேடிசன் என்ற இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடம் பூஜ்யமானது. 1909-க்கு முந்தைய சிகாகோ முகவரியை இன்றைய வரைபடத்தில் போட்டால் முற்றிலும் வேறு இடத்துக்குப் போய்விடுவீர்கள். பழைய எண்ணுக்குப் புதிய எண் என்ன என்று காட்டும் புத்தகம் அப்போதே அச்சானது. முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

பெர்லினில் பல தெருக்களில் எண்கள் ஒரு பக்கமாகவே ஏறிப் போய், கடைசியில் திரும்பி, எதிர்ப்பக்கமாக இறங்கி வரும். ஒற்றை எண் ஒரு பக்கம், இரட்டை எண் மறுபக்கம் என்று நினைத்துத் தேடினால் கிடைக்காது. குர்ஃபுர்ஸ்டன்டாம் என்ற பெரிய சாலை இன்று 11-ஆம் எண்ணில்தான் தொடங்குகிறது. 1 முதல் 10 வரை இருந்த பகுதி 1925-இல் வேறு தெருவின் பெயருக்குப் போய்விட்டது. அந்த எண்களில் வாழ்ந்தவர்களின் சந்ததியினர் எங்கே தேடுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆஸ்திரியப் பேரரசின் பகுதிகளில் இன்னொரு முறை இருந்தது. 1770-71-இல் படைக்கு ஆள் எடுப்பதற்காக வீடுகளுக்கு எண் கொடுத்தபோது, தெரு வாரியாகக் கொடுக்காமல் ஊர் முழுவதற்கும் ஒரே வரிசையாகக் கொடுத்தார்கள். வியன்னா 1862-இல் தெரு வாரியான எண்ணுக்கு மாறியது. பிராக் நகரத்தில் இன்றும் வீட்டுச் சுவரில் இரண்டு பலகைகள் இருக்கும். சிவப்பில் இருப்பது பழைய முறையில் வந்த எண், நீலத்தில் இருப்பது தெருவின் எண். அந்தப் பகுதியில் வாழ்ந்த முன்னோர் என்றால் உங்களுக்கு ஒரு வசதி: பழைய எண் கட்டடத்தோடு ஒட்டியது, தெருவின் பெயர் எத்தனை முறை மாறினாலும் அது மாறாது.

டைரக்டரிகளில் பெயர் இல்லை. விட்டுவிடலாமா?

வேண்டாம். பழைய முகவரி டைரக்டரிகள் கடைக்காரர்களையும் வீட்டுத் தலைவர்களையும்தான் பெரும்பாலும் பட்டியலிட்டன. ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்கிய குடும்பங்கள் அதில் வராது. ஆனாலும் தெருவைப் பிடிக்க அவற்றைப்போல் உதவுபவை குறைவு. லண்டனின் கெல்லி டைரக்டரியில் தெருவின் ஒரு பக்கமாக வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போய், இடையில் 'இங்கே இன்ன தெரு' என்று சந்திப்பு வரும் இடத்தைக் காட்டுவார்கள். உங்கள் முன்னோரின் 37-ஆம் எண் வீடு எந்த இரண்டு சந்துகளுக்கு நடுவில் இருந்தது என்று அதிலிருந்து தெரிந்துவிடும். மூலையில் ஒரு மதுக்கடையோ தேவாலயமோ இருந்தால் இன்னும் நல்லது, அது வரைபடத்திலும் இருக்கும்.

தெரு எப்போது மறைந்தது என்று தெரியவும் இதுவே எளிய வழி. ஐந்தைந்து ஆண்டு இடைவெளியில் எடுத்துப் பாருங்கள். தெரு இல்லாத முதல் புத்தகம் வந்ததும் பின்னோக்கி ஒவ்வோர் ஆண்டாக வாருங்கள். தகவல் சேகரித்தது அதற்கு முந்தைய ஆண்டில் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பெர்லினின் 1799 முதல் 1943 வரையிலான முகவரிப் புத்தகங்களை அந்நகரின் மத்திய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆளின் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லையே?

ஆளை விட்டுவிட்டு இடத்தைத் தேடுங்கள். பெயரைத் தவறாகப் படித்துக் கணினியில் ஏற்றியிருப்பார்கள். பிரிட்டிஷ் கணக்கெடுப்பில் ஒவ்வொரு ஏட்டின் தொடக்கத்திலும் கணக்கெடுப்பாளர் எந்தத் தெருவில் தொடங்கி எங்கே முடித்தார் என்ற விவரம் இருக்கும். அவர் நடந்த வழியிலேயே நாமும் பக்கம் பக்கமாகப் போகலாம். நேரம் எடுக்கும். ஆனால் அக்கம்பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், ஒரு வீட்டில் எத்தனை பேர் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று தெருவே உயிரோடு எழுந்து வரும். பெயரைத் தட்டி ஒரே பக்கத்தைப் பார்ப்பவருக்கு இது கிடைக்காது.

கணக்கெடுப்பு ஏட்டின் முதல் நெடுவரிசையில் இருக்கும் எண் பெரும்பாலும் படிவத்தின் வரிசை எண்தான். அதைக் கதவு எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கிலாந்தில் 100 ஆண்டுகளும் அமெரிக்காவில் 72 ஆண்டுகளும் கழிந்த பிறகுதான் இந்த ஏடுகள் பொதுமக்களுக்குத் திறக்கும். 1931-இன் இங்கிலாந்து ஏடுகள் 1942-இல் தீயில் அழிந்தன. 1941-இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த மக்கள் பதிவேடு ஓரளவு நிரப்புகிறது. அமெரிக்காவின் 1890 ஏடுகளும் தீயால் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. அந்த ஆண்டுக்கு டைரக்டரிதான் துணை.

தெருவை இடித்துவிட்டார்கள் என்று உறுதியாகிவிட்டது. இனி என்ன இருக்கும்?

பெரும்பாலும் இங்கேதான் நிறையக் கிடைக்கும். சும்மா இருந்த தெருவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இடிக்கப் போகிற தெருவைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். யார் உரிமையாளர், யார் குடியிருப்பவர், எவ்வளவு இழப்பீடு, எந்த வீடு எவ்வளவு மோசம் என்று எல்லாம் பதிவாகும். பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட விரும்பிய நிறுவனம், பாதை போகும் இடத்தின் வரைபடத்தையும், ஒவ்வொரு மனைக்கும் உரிமையாளர், குத்தகைதாரர், குடியிருப்பவர் பெயர்களைக் கொண்ட புத்தகத்தையும் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. பாதை கடைசியில் போடப்படாமலே போனாலும் அந்தப் புத்தகம் இருக்கிறது. வாடகைக்கு இருந்த ஏழைக் குடும்பத்தின் பெயர் இப்படி அரசுக் காகிதத்தில் வருவது அபூர்வம். அதனால் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

கிழக்கு லண்டனின் ஓல்ட் நிக்கல் பகுதி 1890-களில் முழுவதுமாக அகற்றப்பட்டது. ஏறத்தாழ 5,700 பேர் வெளியேறினார்கள். 1900-இல் அங்கே பவுண்டரி எஸ்டேட் குடியிருப்பு திறக்கப்பட்டபோது, பழைய குடிகளில் மிகச் சிலரே திரும்பி வந்தார்கள். தெருவைக் கண்டுபிடிப்பதோடு நிறுத்தாமல் அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் தேட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இடிக்கப்பட்ட ஆண்டுக்கு முன்னும் பின்னும் வந்த பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளில் பிள்ளைகளின் பழைய முகவரியும் புதிய முகவரியும் கிடைக்கலாம்.

அதே லண்டனில் சமூக ஆய்வாளர் சார்லஸ் பூத் வறுமையைத் தெருத்தெருவாக ஆராய்ந்து நிறம் தீட்டி வரைபடமாக்கினார். கறுப்பு மிகக் கீழ்நிலை, மஞ்சள் செல்வர்கள். முதல் வரைபடம் 1889-இல் வந்தது. உதவியாளர்கள் காவலர்களோடு நடந்துபோய் எழுதிய குறிப்பேடுகள் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இருக்கின்றன. ஒரு தெருவின் ஜன்னல்கள் உடைந்திருந்தனவா, வாசலில் பூத்தொட்டி இருந்ததா என்பதுகூடச் சில இடங்களில் தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: எழுதியவர்கள் வெளியாட்கள், ஏழைகளைப் பற்றிய அவர்களுடைய தீர்ப்பு கடுமையானது. உங்கள் பாட்டியின் தெருவைக் கறுப்பில் பார்த்து மனம் உடைய வேண்டாம். அங்கே இருந்தவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதல்ல அது.

போரிலோ தீயிலோ ஆவணங்களும் சேர்ந்து அழிந்திருந்தால்?

1871 மே மாதம் பாரிஸின் நகர மன்றமும் நீதிமன்றமும் எரிந்தன. 1860-க்கு முந்தைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் இரண்டு பிரதிகளும் அவற்றோடு போயின. பிறகு குடும்பங்களிடமிருந்தும் தேவாலயங்களிடமிருந்தும் சான்றுகளைத் திரட்டி மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மீட்டார்கள். ஆக, பதிவேடு போனாலும் அதன் நகல் யாரிடமெல்லாம் இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும்: திருமணம் நடத்தியவர், பத்திரம் எழுதியவர், காப்பீடு செய்தவர், வரி வாங்கியவர்.

லண்டனில் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த சேதத்தைக் கட்டடம் கட்டடமாக நிறம் தீட்டிய வரைபடங்கள் இருக்கின்றன. கறுப்பு என்றால் முழு அழிவு, ஊதா என்றால் சரிசெய்ய முடியாத சேதம். உங்கள் தெரு குண்டால் போனதா, பிறகு வந்த திட்டமிடலால் போனதா என்று இது தீர்த்துவைக்கும். குண்டால் போனது என்று குடும்பத்தில் சொல்லப்படும் கதையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாடகைக்கு இருந்தவர்களுக்குச் சொத்துப் பத்திரம் இருக்காதே?

இருக்காது. ஆனால் பிரிட்டனில் 1910 நிதிச் சட்டத்தின்படி நடந்த நில மதிப்பீட்டில் உரிமையாளரோடு குடியிருப்பவரின் பெயரும் எழுதப்பட்டது. பல வீடுகளுக்கு எத்தனை அறைகள், என்ன நிலை என்ற குறிப்பும் உண்டு. லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம்.

புகைப்படம் கிடைக்குமா?

நியூயார்க் என்றால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1939 முதல் 1941 வரை வரி நிர்ணயத்துக்காக நகரத்தின் ஐந்து பகுதிகளிலும் கட்டடம் கட்டடமாகப் படம் எடுத்தார்கள். பிளாக் எண்ணும் மனை எண்ணும் எழுதிய பலகை ஒன்று படத்திலேயே தெரியும். தெருப் பெயர் மறைந்துபோயிருந்தாலும் அந்த எண்களை வைத்துத் தேடலாம். பாரிஸில் 19-ஆம் நூற்றாண்டில் பழைய தெருக்களை இடித்து நகரத்தைத் திருத்தி அமைத்த ஓஸ்மானின் இடிப்புக்கு முன் சார்லஸ் மார்வீல் நகரத்தின் செலவிலேயே பழைய தெருக்களைப் படம்பிடித்தார், 400-க்கும் மேற்பட்ட படங்கள். பிரிட்டனுக்கு 1919 முதல் ஏரோஃபில்ம்ஸ் நிறுவனம் எடுத்த வான்வழிப் படங்கள் உள்ளன. மற்ற ஊர்களில் குடியிருப்புத் தெருவின் படத்தைவிட அதன் மூலையில் இருந்த தேவாலயம், பள்ளி, ரயில் நிலையம் ஆகியவற்றின் அஞ்சலட்டைப் படங்களைத் தேடுவது பலன் தரும். ஓரத்தில் உங்கள் தெருவின் வாய் தெரியலாம்.

வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் என்ன கேட்பது?

தெருப் பெயரைக் கேட்டால் மறந்துவிட்டது என்பார்கள். பள்ளிக்கு எப்படிப் போவீர்கள், வாசலில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவீர்கள், வழியில் பாலம் வருமா, ரயில் சத்தம் கேட்குமா என்று கேளுங்கள். ஒரு காகிதம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். போலந்திலும் சுற்றிலும் அழிந்துபோன யூத ஊர்களுக்குப் பிழைத்தவர்கள் எழுதிய நினைவு நூல்களில், மனத்திலிருந்து வரைந்த தெரு வரைபடங்கள் பல இருக்கின்றன. அளவு சரியாக இருக்காது, ஆனால் எதற்குப் பக்கத்தில் எது என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 60,000-க்கும் அதிகமானோரை வெளியேற்றி, இடித்தார்கள். 1994-இல் திறந்த அருங்காட்சியகத்தில் தரை முழுவதும் அந்தப் பகுதியின் வரைபடம் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரெழுதினார்கள். மேலே தொங்கும் தெருப் பலகைகள் அசலானவை. இடிப்பு வேலையை மேற்பார்வையிட்ட ஒருவரே அவற்றை வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். இடித்தவர்கள் பக்கம் போய்க் கேட்கக் கூச்சப்படாதீர்கள் என்று இதைத்தான் எல்லோரிடமும் சொல்வேன்.

இன்றைய வரைபடத்தில் அந்த இடத்தை எப்படிக் குறிப்பது?

இரண்டு வரைபடங்களிலும் மாறாமல் இருப்பவற்றைப் பிடியுங்கள். தேவாலயக் கோபுரம், பழைய பாலத்தின் இரு முனைகள், ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடம் போன்றவை நல்லவை. ஆற்றங்கரை நகரும், மரங்கள் போகும், அவற்றை நம்ப வேண்டாம். குறைந்தது மூன்று புள்ளிகள் வேண்டும். ஆறேழு இருந்தால் நல்லது, அவை உங்கள் தெருவைச் சுற்றிலும் பரவி இருக்க வேண்டும். ஒரே பக்கம் குவிந்தால் மறுபக்கம் சாய்ந்துவிடும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும்.

நேரில் போனால் ஏதாவது தெரியுமா?

தெரியும், எங்கே பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால். மனைகளின் எல்லை எளிதில் மாறாது. 1666 தீக்குப் பிறகு லண்டனுக்குப் புதிய தெரு அமைப்புகள் வரைந்து கொடுத்தார்கள், ஆனாலும் நகரம் பெரும்பாலும் பழைய கோட்டிலேயே எழுந்தது. ரோமின் பியாட்சா நவோனா சதுக்கம் இன்றும் ரோமப் பேரரசர் டொமிஷியனின் விளையாட்டரங்கத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. எனவே கட்டடங்களுக்கு நடுவே காரணமில்லாமல் சாய்ந்து போகும் சுவர், வாகன நிறுத்தத்தில் திடீரென முடியும் நடைபாதைக் கல், ஒரு வரிசையாக நிற்கும் பழைய மரங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். தரை மட்டத்தையும் பாருங்கள். லண்டனின் ஆர்னால்ட் சர்க்கஸ் என்ற வட்டச் சந்திப்பின் நடுவில் உள்ள மேடு ஓல்ட் நிக்கலின் இடிபாடுகளால் ஆனது. வார்சாவின் முரனோவ் குடியிருப்பு, நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவின் இடிபாடுகள்மேல் கட்டப்பட்டது.

கண்டுபிடித்ததை எப்படி எழுதி வைப்பது?

ஆவணத்தில் இருந்தபடி முகவரி, அது எந்த ஆண்டு ஆவணம், தெரு எந்த வரைபடத்தில் கடைசியாகத் தெரிகிறது, எந்த வரைபடத்தில் முதன்முதலாக இல்லை, இன்றைய இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, எத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம் என்ற மதிப்பு. உறுதியானதையும் ஊகத்தையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். பழைய வரைபடத்தின் ஒரு துண்டை அதன் தாள் எண்ணோடு சேர்த்து வையுங்கள். ஒரு பிரதியை அந்த ஊரின் உள்ளூர் வரலாற்று நூலகத்துக்கும் அனுப்புங்கள். அதே தெருவில் அடுத்த வீட்டில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் தேடிக்கொண்டிருப்பார்கள்.